ஏழாவது வரி

கிர்கிஸ் மலைநாட்டின் கொச்கோர் சந்தையில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கால் வைக்க இடம் இருக்காது. ஆடு விற்க வந்தவர்கள், ஆடு விற்ற கையோடு மாவும் சர்க்கரையும் வாங்க வந்தவர்கள், எதுவும் வாங்காமல் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் என்று மூன்றாவது வரிசையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசையில்தான் அக்மராலின் கடை. பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்று. கதவைத் திறந்தால் கடை, சாத்தினால் கிடங்கு. உள்ளே ஒயர், பல்பு, துளை போடும் மெஷின் எல்லாம் தொங்கும். ஆனால் ஓடுவது டார்ச் மட்டும்தான். ஜனவரி மாதத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போகும் ஊரில் வேறு எது ஓடும்?

டார்ச் விற்பதில் அவளுக்கென்று ஒரு வித்தை இருந்தது. அன்றைய முதல் போணி, ஆட்டுத்தோல் கோட்டு போட்ட ஒரு மேய்ப்பர். அக்மரால் அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி இருட்டாக்கினாள். டார்ச்சில் சாதாரண பென்சில் செல் இரண்டைப் போட்டு அடித்தாள். மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் எழுந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அவற்றைத் தட்டி எடுத்துவிட்டு, அதே உயரம் அதே பருமனில் நீல உறை போட்ட செல் இரண்டைப் போட்டாள். சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லித்தியம் செல். இந்த முறை அடித்ததும் பின்சுவரில் துருவின் புள்ளிகள்கூட எண்ணும்படி தெரிந்தன. மேய்ப்பர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"ஓநாய் மூஞ்சில அடிச்சீங்கன்னா அடுத்த மாவட்டத்துக்கே ஓடிரும்," என்றாள் அக்மரால்.

வாரண்டி உண்டா என்று கேட்டார். ஆறு மாதம், கார்டு பெட்டிக்குள் இருக்கிறது என்றாள். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. கார்டு ரஷ்ய மொழியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கும். அக்மராலும் யாரையும் பார்க்கச் சொன்னதில்லை. அந்தக் கார்டு திரும்பி வருகிறவர்களுக்காக அவள் வைத்திருந்த கம்பு.

திரும்பி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு மாதத்தில் டார்ச் செத்துவிட்டது என்பார்கள், கருகின வாடை வந்தது என்பார்கள். அவள் பதறாமல் கார்டை விரித்து ஏழாவது வரியின் கடைசியில் விரல் வைப்பாள். லித்தியம் செல் போட்டால் வாரண்டி செல்லாது என்று அங்கே இருக்கும். ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் படித்துவிட்டு வாயடைத்துப் போவார்கள். தெரியாதவர்கள் அவள் சொன்னதை நம்பிப் போவார்கள். சந்தையில் இளகினவன் கடையை அடுத்த வருஷம் இன்னொருவன் திறப்பான் என்பது அவள் பதினாலு வருடத்தில் படித்த பாடம். இந்த டார்ச்சையும் செல்லையும் சேர்த்து விற்க ஆரம்பித்து நாலு வருடம். அவள் ஒருதடவைகூட தோற்றதில்லை.

மேய்ப்பர் போன கொஞ்ச நேரத்தில் சோனுன் வந்தார். தாஷ்கோரோ கிராமத்து மருத்துவ நிலையத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிற நர்ஸ். சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களுக்கு வேறு டாக்டர் கிடையாது என்பதால் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. மூக்குவரை சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை அவர் கீழே இறக்கினார். அக்மரால் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். சோனுனின் இரண்டு உதடுகளும் வெந்து, கொப்புளம் உடைந்து, கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தன.

அவர் அந்தக் கடையில் வாங்கின டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். உதடு ஒட்டவேண்டிய எழுத்துகளெல்லாம் வழுக்கின. ஆனாலும் நிறுத்தி நிறுத்தி நடந்ததைச் சொன்னார். ஒன்பது நாளுக்கு முன்னால், மதியம். வெளியே பனிப்புயல், கரண்ட் இல்லை. ஜன்னல் இல்லாத ஓர் ஆட்டுக்கொட்டகையில், டிராக்டருக்கு அடியில் கால் நசுங்கிய ஆள் கிடந்தார். தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. சோனுனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். சில நிமிடங்களில் அந்த உலோகக் குழாய் சூடேறி உதட்டைப் பிடித்துக்கொண்டது. கீழே போட்டால் இருட்டு, இருட்டானால் அந்த ஆள் போய்விடுவார். கடித்தபடியே முதல் ரத்தக் குழாயைக் கட்டினார். இரண்டாவதைத் தேடும்போது டார்ச் தானாக அணைந்துவிட்டது. மிச்சத்தை இருட்டில் தடவித் தடவிச் செய்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதிர்க் கண்டெய்னர்காரர் தகாய், அவரும் டார்ச் வியாபாரிதான், வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்மராலின் கை ஒரு கணம் பணப்பெட்டிப் பக்கம் போனது. ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் குனிந்தால் அடுத்த சனிக்கிழமை இருபது பேர் செத்த டார்ச்சோடு வந்து நிற்பார்கள்.

"டார்ச்சு வாயில வெக்கிற பொருளா டாக்டரக்கா? அடுத்த வாட்டி அடுப்புக் கரியையும் கடிச்சுப் பாத்துட்டு, அடுப்பு வித்தவன்கிட்ட போய்ச் சண்டை போடுங்க," என்றாள்.

தகாய் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்மரால் அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் கார்டை விரித்து ஏழாவது வரியில் விரலை வைத்தாள்.

சோனுன் கார்டைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். "இந்த நீல செல்ல உள்ள போட்டுக் குடுத்தது யாரு?"

"டார்ச்சு வேற, செல்லு வேற. ரெண்டு பொருள் கேட்டீங்க, ரெண்டு பொருள் குடுத்தேன். சேத்துப் போட்டது உங்க கை."

அது பொய். கதவைச் சாத்தி, சுவரில் அடித்துக் காட்டி, போட்டபடியே கையில் கொடுத்தவள் அவள்தான். இரண்டு பேருக்கும் அது தெரியும். சோனுன் வேறொன்றும் கேட்கவில்லை. புது டார்ச் வேண்டும் என்றோ, பணம் வேண்டும் என்றோ சொல்லவில்லை. இதை விற்பதை நிறுத்து என்று மட்டும் சொன்னார். அக்மரால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்த டார்ச்சை மேசையிலேயே விட்டுவிட்டு, சோனுன் வெளியே போய்க் கண்டெய்னர் கதவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார்.

நின்றார் என்றால் நின்றார், அவ்வளவுதான். கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் யாராவது அக்மராலின் கடையில் டார்ச்சைக் கையில் எடுத்தால், சால்வையைக் கீழே இறக்கி, விரலால் முதலில் டார்ச்சையும் பிறகு தன் உதட்டையும் காட்டினார். அவ்வளவு போதுமாக இருந்தது. எடுத்த டார்ச்சை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் நகர்ந்தார்கள். அன்று மத்தியானத்துக்கு மேல் ஒரு டார்ச்சும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றார். அக்மரால் கடை கழுவிய தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினாள். அது பத்து நிமிடத்தில் உறைந்து கண்ணாடியானது. சோனுன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று அக்மரால் வரிசை முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். பொறாமைக்காரர்கள் காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். சந்தை மேலாளரிடம் போய் முறையிட்டாள். அவர் வெளியே வந்து பார்த்தார். தன் அம்மாவுக்கு மூச்சு நின்றபோது மூன்று கிலோமீட்டர் பனியில் நடந்து வந்த டாக்டரம்மா அங்கே நிற்பதைக் கண்டார். தெருவில் நிற்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இரண்டு வாரத்தில், முன்பு விரட்டப்பட்டவர்களில் ஏழு பேர் தைரியம் வந்து தங்கள் செத்த டார்ச்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவன் போகிற போக்கில் துப்பிவிட்டுப் போனான். டார்ச் வாங்க வருகிறவர்கள் அவள் கதவைத் தாண்டி எதிரே தகாயிடம் போனார்கள். அவரிடமும் அதே டார்ச், அதே நீல செல்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அக்மரால் சோனுனுடையதையும் சேர்த்து எட்டு டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஏறினாள். மொத்த வியாபாரி மெலிஸ்தான் அவளுக்கு டார்ச்சும் செல்லும் கொடுப்பவன். அவளைவிடப் பத்து வயது சின்னவன், வாய்க்கு வாய் அக்கா என்பான். அவன் மாற்றிக் கொடுத்தால் எல்லாரையும் வாயடைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

மெலிஸ் இறைச்சி வைத்த சூடான சம்சாவைத் தின்றுகொண்டே எட்டு டார்ச்சையும் வரிசையாகப் பார்த்தான். ஒன்றைத் திருகித் திறந்து முகர்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கார்டை எடுத்து விரித்து, ஏழாவது வரியின் கடைசியில் விரல் வைத்தான்.

"அத எனக்கே காட்றியா?" என்றாள் அக்மரால்.

"டார்ச்சு வேற, செல்லு வேற அக்கா. தனித்தனிப் பெட்டியில வாங்கினீங்க. சேத்துப் போட்டது நான் இல்ல."

"சேத்துப் போட்டு வித்தா ஓடும்னு சொன்னது நீதானடா."

"சொன்னேன். எழுதியா குடுத்தேன்?"

கடையில் சரக்கு எடுக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்மராலுக்குக் காது சுட்டது. மூன்றாவது வரிசையில் தான் வருடக்கணக்காகப் பேசின பேச்சு, வார்த்தை மாறாமல், வாயில் சம்சாத் துணுக்கு ஒட்டியிருந்த ஒருவன் குரலில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளிடம் வந்து நின்றவர்களுக்கும் இப்படித்தான் சுட்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மெலிஸ் கொஞ்சம் இறங்கி வந்தான். நல்ல வாடிக்கையாளரை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. நீல செல் இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்தால் எட்டுக்கு எட்டு புது டார்ச் சும்மா தருகிறேன் என்றான். "அந்த நர்ஸம்மாவுக்கு ஒண்ணுக்கு ரெண்டா குடுத்துருங்க. வாய மூடிக்கும்."

"அந்த வாய் எப்படி இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கெதுக்கு அது? நான் டார்ச்சு விக்கிறவன். உதடு விக்கிறவன் இல்ல."

அக்மரால் எட்டு டார்ச்சையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அந்த நேரத்தில் அவளை எழுப்பியது இரக்கம் என்று சொன்னால் அது உண்மையாகாது. அவமானம்தான் எழுப்பியது. அந்த எட்டு புது டார்ச்சை அவள் வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும். அந்த இரண்டு பேரும் சிரிக்காமல் இருந்திருந்தால்.

திரும்பும் வேனில் அவளுக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. கணவாய்க்கு முன்னால் லாரி ஒன்று சறுக்கி வழியை அடைத்திருந்தது. ஒரு மணி நேரம் நகராமல் நின்றார்கள். கோபத்தில் அவள் மெலிஸின் மேசையிலிருந்த கார்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அவனை மடக்க ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று அதை எடுத்து, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஏழாவது வரி இப்படி இருந்தது: 'சாதாரண உலர் செல் மட்டுமே போடவும். அதே அளவுள்ள லித்தியம் செல்லில் மின்னழுத்தம் இரண்டு மடங்குக்கும் அதிகம். டார்ச் கடுமையாகச் சூடாகித் தீக்காயம் உண்டாக்கலாம். அவ்வாறு போட்டால் வாரண்டி செல்லாது.'

அவள் விரல் எப்போதும் போய் நின்ற இடம் கடைசி நாலு சொற்கள். அதற்கு முன்னால் இருந்ததை அவள் அறியாதவள் அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால், முதல் பெட்டியைப் பிரித்த அன்று, முழுதும் படித்திருந்தாள். தீக்காயம் என்ற சொல்லைப் பார்த்ததும், அதைச் சொன்னால் எவன் வாங்குவான் என்று நினைத்ததும் இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மடித்து வைத்ததுதான். அதன் பிறகு அந்த வரியில் அவளுக்கு உதவாத பகுதி அவள் கண்ணுக்கே தெரியாமல் போனது. கார்டு அச்சடித்தவன் ஒரு எச்சரிக்கையை எழுதியிருக்கிறான். அவள் அதில் தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்து ஊரை அடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அக்மரால் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சோனுன் வந்தபோது கண்டெய்னர் கதவில் ஓர் அட்டை தொங்கியது. இங்கே நீல செல் வாங்கினவர்கள் அதை டார்ச்சில் போடவேண்டாம், சுடும், கொண்டுவந்து கொடுத்துவிட்டு சாதா செல் வாங்கிக்கொள்ளவும் என்று கிர்கிஸ் மொழியில், தூரத்திலிருந்தே தெரியும் எழுத்தில் எழுதியிருந்தது. அலமாரித் தட்டில் நீல செல் ஒன்றுகூட இல்லை. தீப்பிடிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்திருந்தாள். லித்தியம் செல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அதற்கென்றே செய்த வேறு டார்ச் உண்டு, விலை கூட, அதன் கார்டிலேயே அப்படிப் போட்டிருக்கும், அதை வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோனுன் அட்டையை இரண்டு முறை படித்தார். உதட்டில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. ஓரத்தில் சுருங்கி இழுத்திருந்தது. அக்மரால் ஒரு புது டார்ச்சையும் பென்சில் செல்லையும் அவர் முன்னால் வைத்தாள். கார்டை விரித்தே வைத்தாள். மன்னிப்புக் கேட்டாள்.

"என்கிட்ட கேக்காத," என்றார் சோனுன். "வெளிச்சம் இருந்திருந்தா அவன் காலு தப்பிச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. தப்பிச்சிருக்காமலும் போயிருக்கலாம். அது தெரியாததுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. நீயும் கொஞ்ச நாளு தூங்காம இரு."

டார்ச்சை எடுத்துக்கொள்ளவில்லை. அக்மரால் அவரை வற்புறுத்தவும் இல்லை.

அப்போது ஒரு குடும்பஸ்தர் வந்து, பகல் மாதிரி அடிக்கிற டார்ச் இருக்கிறதாமே என்று கேட்டார். அக்மரால் கார்டை எடுத்து ஏழாவது வரியை முழுதும் படித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மங்கலாக அடிக்கிறதற்கு நான் மெழுகுவத்தியே வாங்கிக்கொள்வேனே என்று சொல்லிவிட்டு எதிரே தகாயின் கடைக்குப் போனார். தகாய் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். இடுக்கு வழியே வெள்ளை வெளிச்சம் பளீரென்று வெளியே சிதறியது.

சோனுன் திரும்பிப் பார்த்தார். சால்வையைச் சரி செய்துகொண்டு, பாதையைக் கடந்து, தகாயின் கதவுக்கு இரண்டு முழம் தள்ளிப் போய் நின்றார்.

அங்கே போனால் தகாயோடு உறவு அறுந்துவிடும் என்று அக்மராலுக்குத் தெரியும். பதினாலு வருடமாக எதிரில் இருந்தவர். சாவி தொலைந்தால் பூட்டு உடைக்க வருகிறவர். பனி விழுந்தால் அவள் கண்டெய்னர் கூரையையும் சேர்த்துத் தள்ளுகிறவர். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு அவளும் பாதையைக் கடந்து, அந்தக் கதவைத் திறந்து, டார்ச்சைக் கையில் வைத்திருந்த அந்த மனிதரிடம், இதிலும் அதே கார்டுதான் இருக்கிறது, வாங்குவதற்கு முன் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தகாயின் முகம் சிவந்தது. "உன் பொழப்ப நீ கெடுத்துக்கிட்ட, சரி. என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடற? நேத்து வரைக்கும் நீயும் இதத்தான வித்த? அந்தம்மா வாயப் பாத்துச் சிரிச்சப்போ நீதான முதல்ல ஆரம்பிச்ச?"

"ஆமா. நான்தான் ஆரம்பிச்சேன்."

"அப்பறம் என்ன? கார்டு பெட்டிக்குள்ளதான் இருக்கு. படிக்காதது வாங்கறவன் தப்பு."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்மரால் குரலை உயர்த்தவில்லை.

"படிக்காதது அவன் தப்புன்னா, படிச்சிட்டு மறைச்சது நம்ம தப்பு அண்ணே. விக்கிறதுக்கு முன்னாடி சொன்னா அது எச்சரிக்கை. வித்தப்பறம் சொன்னா அது ஏமாத்து. ஒரே வரிதான், சொல்ற நேரத்துல இருக்கு எல்லாம். நான் நாலு வருஷமா ஏமாத்தத்தான் வித்திருக்கேன், வாரண்டின்னு பேர் வெச்சு."

தகாய் அவளை வெளியே போகச் சொன்னார். அவள் போகவில்லை. அந்த மனிதர் டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு, கார்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே படித்துப் பார்க்க வெளிச்சத்துக்கு வந்தார்.